லினக்ஸ் போடப் போறீங்களா? முதல்ல பிரிண்டரைப் பாருங்க

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ்களிலும், ஈரோட்டு ஜவுளிக் கடைகளிலும், பல்லடம், சோமனூர் தறிக்கூடங்களின் முன்னறையிலும் இருக்கிற டெல் ஆப்டிபிளக்ஸ் 7010, 3020 மாதிரிப் பெட்டிகள் மூன்றாம், நான்காம் தலைமுறை. நன்றாக ஓடுகிற மெஷினைக் காயலான் கடைக்குப் போட யாருக்கும் மனசு வராது. அதனால், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற இயங்குதளமான லினக்ஸைப் பற்றி, "லினக்ஸ் போட்டுக்கலாமுங்களா?" என்ற கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது.

தாராளமாகப் போடலாம். லினக்ஸின் வகைகளான மிண்ட், டெபியன் இரண்டுமே இந்தப் பெட்டிகளில் மல்லுக்கட்டு இல்லாமல் ஏறும். மதர்போர்டு, சவுண்டு, இன்டெல் கிராபிக்ஸ் எல்லாம் பல வருடமாக லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பழகினவை. தகராறு வருவது பெரும்பாலும் பெட்டியில் செருகியிருக்கும் வயர்களின் மறுமுனையில். ஆனால் போடுகிறவர்கள் ரேம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பிரிண்டரில் மாட்டிக்கொள்வது

கேனான் எல்பிபி 2900 நம் பக்கத்து ஆபீஸ்களில் சர்வ சாதாரணம். உழைப்பதில் குறை சொல்ல முடியாத பிரிண்டர். ஆனால் பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பொதுவான பிரிண்டர் மொழி எதுவும் அதற்குத் தெரியாது. கேப்ட் என்ற கேனானின் சொந்த மொழி மட்டும்தான். லினக்ஸுக்கு கேனான் கொடுத்த கேப்ட் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) பழையது. 64 பிட் லினக்ஸில் போட்டாலும் 32 பிட் நூலகங்களைக் கேட்கும். பின்னணியில் ஒரு சிறு நிரல் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றுபோனால் பிரிண்ட் கொடுத்ததெல்லாம் வரிசையில் சேரும், தாள் மட்டும் வராது. பழகின ஆள் பக்கத்தில் இருந்தால் ஓட்டிவிடலாம். "ஏனுங் தம்பி, சலான் அடிக்கோணும், லாரி நிக்குது" என்று முதலாளி வாசலில் நிற்கும்போது அதோடு போராட முடியாது.

எச்பி லேசர்ஜெட் 1020 வேறு வகை. ஸ்விட்ச் போடும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரிலிருந்து ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள் ஓடும் சிறு நிரல், இறங்கினால்தான் அது விழிக்கும். எச்பியின் லினக்ஸ் டிரைவர் தொகுப்பான எச்பிலிப்பை நிறுவியதோடு நிறுத்திவிட்டால் வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்; பிளகின் என்ற அதன் துணைக் கோப்பையும் இறக்க வேண்டும், அதற்கு இணையம் வேண்டும். இறக்கியதும் பிரிண்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டு, டெஸ்ட் பேஜ் வருகிறதா என்று பாருங்கள்.

பில் அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களில் பெரும்பாலானவை எப்சன் மொழி பேசும் என்பதால் அவற்றில் தொல்லை குறைவு. பார்கோடு ஸ்கேனர் பெரும்பாலும் தன்னை ஒரு கீபோர்டு என்றே சொல்லிக்கொள்ளும், டிரைவரே தேவைப்படாது. புதிதாக பிரிண்டர் வாங்குவதாக இருந்தால் ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். தனி டிரைவர் இல்லாமலே லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளும்.

டப்பா மேல் உள்ள பெயரை நம்புவது

வைஃபை விஷயத்தில் மாடல் பெயர் எதையும் நிச்சயமாகச் சொல்லாது, உள்ளே இருக்கும் சிப்தான் சொல்லும். டிபி-லிங்க் 722என் என்ற யுஎஸ்பி அடாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பில் ஏத்தராஸ் சிப். செருகியதும் லினக்ஸில் ஓடும் என்ற பெயரை அதுதான் சம்பாதித்தது. இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக் சிப்பை மாற்றிவிட்டார்கள். மாடல் எண் அதேதான். இணையத்தில் யாரோ பழைய காலத்தில் எழுதிய பாராட்டைப் படித்துவிட்டு இன்று வாங்குகிறவருக்குக் கிடைப்பது வேறு பொருள். பின்பக்க ஸ்டிக்கரில் பதிப்பு எண் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே கையில் இருந்தால் லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளை சிப்பின் அடையாள எண்ணைக் காட்டும். மதர்போர்டில் இருக்கும் கார்டுக்கு எல்எஸ்பிசிஐ (lspci). அந்த எண்ணை வைத்துத் தேடினால் உருப்படியான பதில் கிடைக்கும்.

டெபியன் 12, அதாவது 2023 ஜூனில் வந்த பதிப்பு முதல், கட்டற்றவை அல்லாத (மூலநிரல் திறந்து தரப்படாத) ஃபர்ம்வேர்களும் அதிகாரப்பூர்வ நிறுவல் கோப்பிலேயே இருக்கின்றன. தனிப் பென்டிரைவில் ஃபர்ம்வேரைத் தேடிப் போடச் சொல்லும் பழைய வழிகாட்டிகளை இனி ஒதுக்கிவிடலாம்.

இன்னொன்று. பழைய மெஷினுக்கும் புது லேப்டாப்புக்கும் ஒரே பதிப்பைப் போடக்கூடாது. டெபியனின் நிலையான பதிப்பில் கெர்னல் கொஞ்சம் பழையதாக இருக்கும். ஆப்டிபிளக்ஸுக்கு அது ரொம்ப நல்லது. ஆனால் சமீபத்தில் வந்த லேப்டாப்பில் வைஃபையோ கிராபிக்ஸோ கண்ணில் படாமல் போகலாம். அதற்குப் புதிய கெர்னலோடு வரும் பதிப்பு வேண்டும்.

மென்பொருளை மறந்துவிடுவது

டேலி பிரைம் விண்டோஸுக்கானது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் 'ஒயின்' என்ற நிரலைப் போட்டு ஓட்டலாம் என்பவர்கள் உண்டு. ஒரு கம்பெனியின் கணக்கை அந்த நம்பிக்கையில் வைக்க நான் சொல்ல மாட்டேன். பிரிண்டிங் டிசைன் பார்க்கிற இடத்தில் கோரல்டிராவும் அதே கதை. லினக்ஸில் ஓடும் வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப் அந்தக் கோப்புகளை ஓரளவுதான் திறக்கும்.

ஜிஎஸ்டி ரிட்டர்னை ஓடிபி மூலம் போடுகிற தனி உரிமையாளருக்கு ஃபயர்பாக்ஸ் போதும். பிரைவேட் லிமிடெட் கம்பெனி, எல்எல்பி என்றால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கட்டாயம். அதைச் செருகி, உண்மையாகவே ஒரு கையெழுத்துப் போட்டுப் பார்க்காமல் விண்டோஸை அழிக்காதீர்கள். நான்கு மெஷின் இருக்கிற ஆபீஸில் மூன்றை மாற்றிவிட்டு, கணக்குப்பிள்ளையின் மெஷினைத் தொடாமல் விடுவதுதான் புத்திசாலித்தனம். விண்டோஸ் 11 ஏறுகிற ஒன்று இருந்தால் அவருக்குக் கொடுங்கள்.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

போடும் அன்று

லினக்ஸின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது, அதாவது கம்ப்யூட்டர் அதிலிருந்து எழும்பாது. ரூஃபஸ் மாதிரி கருவியால் எழுத வேண்டும், அப்போது பென்டிரைவில் இருந்ததெல்லாம் போய்விடும். கோப்பின் பெயரில் ஏஎம்டி64 என்றிருப்பதைப் பார்த்து "நம்முது இன்டெல் ஆச்சே" என்று தயங்க வேண்டாம். 64 பிட் இன்டெலுக்கும் அதேதான். உண்மையான 32 பிட் மெஷின் வைத்திருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்: 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பெட்டிகளுக்கான நிறுவியே கிடையாது.

பூட் ஆனதும் நேராக இன்ஸ்டால் ஐகானை அழுத்துவதுதான் பெரும்பாலானவர்கள் செய்கிற தவறு. மிண்ட் பென்டிரைவிலிருந்தே முழு டெஸ்க்டாப்பாக ஓடும். ஒரு டீ குடிக்கிற நேரம் அதிலேயே இருந்து வைஃபை, சத்தம், பிரிண்டர், ஸ்லீப் போட்டு எழுப்புவது, எல்லாவற்றையும் பாருங்கள். ஹார்டு டிஸ்கில் இதுவரை ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

டிஸ்கே தெரியவில்லை என்றால் பயாஸில் (மெஷின் எழும்பும்போது திறக்கும் மதர்போர்டு அமைப்புத் திரையில்) டிஸ்க் இணைப்புக்கான சாட்டா அமைப்பு 'ரெய்டு' என்று இருக்கிறதா பாருங்கள். டெல் மெஷின்களில் இது அடிக்கடி நடக்கும். 'ஏஎச்சிஐ'க்கு மாற்றினால் தெரிந்துவிடும். ஆனால் பக்கத்தில் விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், அதை முதலில் சேஃப் மோடில் எழும்பும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது எழும்பாது. டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பயாஸில் கை வைத்ததும் அதைக் கேட்கும். செக்யூர் பூட் என்ற பயாஸ் பாதுகாப்பு அமைப்பை வழக்கத்துக்காக அணைக்க வேண்டியதில்லை. டெபியனும், உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையும் அதோடு ஒத்துப்போகும்.

இரண்டு டிஸ்க் இருக்கும் பெட்டியில், பழைய ஆர்டர்களும் டிசைன்களும் இருக்கும் டிஸ்கின் வயரைக் கழற்றிவிட்டு நிறுவுங்கள். 'முழு டிஸ்கையும் அழி' என்ற கட்டம் வரும்போது லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் பெயர்களில் எது எஸ்டிஏ, எது எஸ்டிபி என்று குழம்பி அழித்துவிட்டால் திரும்ப வராது. பேக்கப் எடுத்ததை வேறு மெஷினில் திறந்து பார்த்தால்தான் அது பேக்கப். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

மில், தறிக்கூடம் பக்கம் இருக்கும் பெட்டியை முதலில் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மெத்தை மாதிரி அடைத்திருக்கும். ஃபேன் சுற்றும், காற்று போகாது. பாதி நிறுவலில் சூடேறி அணைந்துவிட்டால் பழி லினக்ஸ் மேல் விழும். பிரஷ்ஷால் தள்ளி, புளோயரால் ஊதி, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டால் அந்தப் பிரச்சினை முடிந்தது.

அப்படியே மதர்போர்டு கடிகாரத்துக்கான சிஆர் 2032 பேட்டரியையும் மாற்றுங்கள். சில பத்து ரூபாய்தான். அது தீர்ந்த மெஷினில் தேதி எந்தக் காலத்துக்கோ பின்னால் போய்விடும். அப்போது வலைத்தளம் ஒவ்வொன்றும் 'சான்றிதழ் செல்லாது' என்று மறுக்கும், மென்பொருள் புதுப்பிப்பும் நகராது. இணைப்பு நன்றாக இருக்கும்போதே "லினக்ஸ்ல நெட்டே வரமாட்டேங்குதுங்க" என்று போன் வருவது இதனால்தான்.

விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருந்தால் கடிகாரத்தில் இன்னொரு கோளாறு வரும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே நம் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். மாலை 4 மணிக்கு விண்டோஸில் காலை 10.30 காட்டும். பில்லில் அந்த நேரம் அச்சாகும் முன் சரிசெய்ய வேண்டும். மதர்போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி லினக்ஸிடம் சொல்ல டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையில் வழி இருக்கிறது.

லினக்ஸ் போலவே இலவசமான ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தைப் போடலாமா என்று கோவைக் கல்லூரிப் பையன்கள் சிலர் கேட்பதுண்டு. பில் அடிக்கும் மேஜைக்கு வேண்டாம். டெஸ்க்டாப்பையே நாம்தான் தனியாக நிறுவ வேண்டும், வைஃபை ஆதரவும் லினக்ஸ் அளவுக்கு இல்லை. ஆபீஸ் நெட்வொர்க்குக்கு ஃபயர்வாலாக, அதாவது இணைய வாசலில் காவலாக, வைக்கத்தான் அது அருமையான ஆள். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள்கள் இரண்டும் அதன் மேல் எழுந்தவைதான். மீந்துபோன ஓர் ஆப்டிபிளக்ஸில் இரண்டாவதாக ஒரு நெட்வொர்க் கார்டு செருகினால் போதும். கார்டு இன்டெல்லாக இருக்கட்டும்.