அமெரிக்க அதிபர் தேர்தல்: உங்கள் வாக்கு கைநழுவாமல் பார்த்துக்கொள்வது எப்படி

அடுத்த அமெரிக்க அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை நடைபெறும். வாக்குரிமை மறுப்பு என்றதும் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் மீது ஏவப்பட்ட எழுத்தறிவுத் தேர்வும் வாக்கு வரியும்தான் நினைவுக்கு வருகின்றன. 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் அந்த வெளிப்படையான தடைகளை உடைத்தது. ஆனால் இன்று குடியுரிமை பெற்ற ஒரு தமிழர் தம் வாக்கை இழக்கிறார் என்றால், வாசலில் யாராவது மறித்து நின்றதால் அது நடந்திருக்காது என்பது என் கணிப்பு. இரண்டு ஆவணங்களில் பெயர் இரண்டு விதமாக இருந்திருக்கும், உறையின் மேலுள்ள கையெழுத்து ஒத்துப்போயிருக்காது, அல்லது கைபேசியில் வந்த பொய்யை நம்பி அவரே வீட்டில் இருந்திருப்பார். மூன்றையும் முன்கூட்டியே தடுக்கலாம். அதற்குத் தேர்தலுக்கு முந்தைய கோடைக்காலத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் பெயர்

2002-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சித் தேர்தல் சட்டத்தின்படி, புதிதாகப் பதிவு செய்பவரின் ஓட்டுநர் உரிம எண்ணை மாநில வாகனத் துறையின் பதிவோடும், உரிமம் இல்லையென்றால் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை சமூகப் பாதுகாப்புத் துறையின் பதிவோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பெயர் சற்றே மாறியிருந்தால் என்ன செய்வது என்பதை மாநிலங்கள் தத்தம் விருப்பப்படி வைத்துக்கொண்டன. ஜார்ஜியாவில் ஓர் இணைப்புக்கோடு விடுபட்டாலும் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படும் நிலை இருந்தது. 2018 தேர்தலுக்கு முன்பு அப்படி ஏறத்தாழ 53,000 விண்ணப்பங்கள் கிடப்பில் இருந்தன, அவற்றில் பெரும்பான்மை கறுப்பினத்தவருடையவை. புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி அவர்கள் வாக்களித்திருக்கலாம் என்றாலும், பட்டியலில் தம் பெயர் "நிலுவை" என்று இருப்பதைக் கண்டு எத்தனை பேர் கிளம்பியிருப்பார்கள்?

இதை நம் பெயர்களோடு பொருத்திப் பாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் கட்டம் வெறுமையாக இருந்த செந்தில்குமாருக்கு, விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகள் வந்து உட்கார்ந்திருக்கும்; முதற்பெயர் தெரியாது என்பதுதான் அதன் பொருள். சமூகப் பாதுகாப்பு அட்டையில் அதே எழுத்துகள், ஓட்டுநர் உரிமத்தில் தந்தையின் பெயர் குடும்பப்பெயராக, குடியுரிமைச் சான்றிதழில் செந்திலும் குமாரும் தனித்தனிச் சொற்களாக என்று ஒரே மனிதர் மூன்று பேராக உலவிக்கொண்டிருப்பார். இனிஷியலை விரித்து எழுதியவர்களுக்கும், திருமணத்துக்குப் பின் கணவரின் பெயரைப் பாதி ஆவணங்களில் மட்டும் சேர்த்த பெண்களுக்கும் இதே சிக்கல்தான். ஆகவே எல்லா ஆவணங்களையும் ஒரு நாள் மேசையில் பரப்பி வைத்து, குடியுரிமைச் சான்றிதழில் உள்ள பெயரையே அளவுகோலாகக் கொண்டு, முதலில் சமூகப் பாதுகாப்புத் துறையிலும் அடுத்து வாகனத் துறையிலும் திருத்திக்கொண்டு, கடைசியாக வாக்காளர் பதிவுக்குச் செல்லுங்கள். வரிசையை மாற்றினால் பழைய பெயரே மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

வாகனத் துறைக்குச் செல்ல இன்னொரு காரணமும் உண்டு. 2019 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலம் வாக்காளர் பட்டியலில் குடிமக்கள் அல்லாதோர் இருக்கக்கூடும் என்று ஏறத்தாழ 95,000 பேரைச் சுட்டிக்காட்டியது. கிரீன் கார்டைக் காட்டி உரிமம் வாங்கி, பின்னர் குடியுரிமை பெற்று முறைப்படி பதிவு செய்தவர்கள் அவர்களில் ஆயிரக்கணக்கில் இருந்தது சில நாள்களிலேயே தெரியவந்தது. வழக்குகளுக்குப் பின் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. உரிமத்தைப் புதுப்பிக்கும் வரை வாகனத் துறையின் கணினிக்கு நீங்கள் வெளிநாட்டவரே. குடியுரிமை உறுதிமொழி எடுத்த கையோடு அந்தப் பதிவையும் மாற்றிவிடுவது நல்லது.

இதற்கு நேரெதிரான ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். கிரீன் கார்டோ எச்-1பி விசாவோ வைத்திருப்பவர் அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. உரிமம் வாங்கும் படிவத்திலேயே வாக்காளராகப் பதிவு செய்யவா என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் அதில் குறியிட்டுவிட்டால், பின்னாளில் குடியுரிமை விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம், நாடுகடத்தல் நடவடிக்கை வரையும் போகலாம். கேள்வி புரியவில்லை என்றால் குறியிடாமல் கேளுங்கள்.

பட்டியலில் இருக்கிறோமா என்று இரண்டு முறை பாருங்கள்

1993-ஆம் ஆண்டின் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம், கூட்டாட்சித் தேர்தலுக்கு முந்தைய 90 நாள்களில் பட்டியலைக் கூண்டோடு சலித்துப் பெயர்களை நீக்கக் கூடாது என்கிறது. 2028-இல் அந்தக் காலம் ஆகஸ்ட் 9 வாக்கில் தொடங்கும். அதற்கு மறுவாரம் உங்கள் மாநிலத் தேர்தல் தளத்தில் பெயர், முகவரி, வாக்குச்சாவடி ஆகியவற்றைச் சரிபார்த்து, தேதி தெரியும்படி திரையைப் படம் (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். தளம் எதுவென்று தெரியாவிட்டால் கூட்டாட்சி அரசின் வோட் டாட் கவ் என்ற தளத்திலிருந்து செல்லலாம். தனித்தனியாகப் பெயர் நீக்குவதற்கு அந்த 90 நாள் தடை பொருந்தாது என்பதால் செப்டம்பர் இறுதியில் மறுபடி பாருங்கள்; சில மாநிலங்களில் தேர்தலுக்கு 30 நாள் முன்னரே பதிவு முடிந்துவிடும். வீடு மாறியவர்கள், கடந்த சில தேர்தல்களில் வாக்களிக்காதவர்கள் ஆகியோருக்கு அஞ்சலில் ஒரு சிறு அட்டை வந்திருக்கலாம். விளம்பரக் காகிதம் என்று குப்பையில் போடப்படும் அந்த அட்டைக்குப் பதில் அனுப்பாமலும் அடுத்த இரண்டு கூட்டாட்சிப் பொதுத்தேர்தல்களில் வாக்களிக்காமலும் இருந்தால் பெயரை நீக்கச் சட்டம் இடம் தருகிறது.

அஞ்சல் வழி வாக்களிப்பவர்களுக்குக் கையெழுத்துதான் கண்டம். என் மாமனார் உரிமத்தில் தமிழில் கையெழுத்திட்டவர். வாக்குச்சீட்டு உறை வந்தபோது, அரசாங்கக் காகிதமாயிற்றே என்று மரியாதையாக ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி எழுதிவிட்டார். பல மாநிலங்களில் இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். அவர்களுக்கு அவை இரண்டு வேறு ஆள்கள். கவுண்டி, அதாவது மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்துக்கு உரிய நாளுக்குள் பதிலளித்ததால் அவர் வாக்கு தப்பியது. உரிமத்தைப் பார்த்து, அதே மொழியில், அதே போல் கையெழுத்திடுங்கள். உறை போய்ச் சேர்ந்ததா, ஏற்கப்பட்டதா என்பதை இணையத்தில் பின்தொடருங்கள்.

கைபேசிக்கு வரும் பொய்கள்

கூட்டம் அதிகம் என்பதால் ஒரு கட்சியினர் செவ்வாயன்றும் மறு கட்சியினர் புதனன்றும் வாக்களிக்க வேண்டும் என்ற செய்தி ஒவ்வொரு தேர்தலிலும் உயிர்த்தெழுகிறது. 2020 கோடையில் பல மாநிலங்களுக்குச் சென்ற பதிவுக்குரல் அழைப்பு இன்னும் தந்திரமானது: அஞ்சலில் வாக்களித்தால் உங்கள் விவரங்கள் காவல் துறைக்கும் கடன் வசூலிப்பவர்களுக்கும் போய்விடும் என்று அது மிரட்டியது. அதைச் செய்தவர்களுக்கு எஃப்.சி.சி. எனப்படும் தகவல் தொடர்பு ஆணையம் 2023-இல் 50 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயரில் அதிபர் பைடனின் குரலையே செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்காமல் நவம்பருக்காகச் சேமித்துவையுங்கள் என்று சொல்ல வைத்தார்கள். அதற்கு 60 லட்சம் டாலர் அபராதம். அபராதம் வரும் முன் தேர்தல் முடிந்துவிடுகிறது என்பதுதான் சங்கடம்.

எனவே தேதி, இடம், தகுதி, தண்டனை ஆகிய நான்கில் எதைப் பற்றிச் செய்தி வந்தாலும், அனுப்பியவர் யாராயிருந்தாலும், மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் தளத்தில் உள்ளதை மட்டுமே நம்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் அத்தகைய செய்தி வந்தால், பகிர்ந்த பெரியவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்; "ஐயா, கவுண்டி தளத்தில் வேறு மாதிரி இருக்கிறது, இதோ படம்" என்று அதே குழுவிலேயே போடுங்கள். பொய்யை மேற்கோள் காட்டி மறுப்பதைவிடச் சரியான தகவலை மட்டும் தருவது நல்லது; மேற்கோளைத்தான் அடுத்தவர் வெட்டி அனுப்புவார்.

வசை விளம்பரங்களை எடைபோடுவது

எதிராளியைத் தாக்கும் விளம்பரம் எல்லாமே அசிங்கம் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்பதை அவரே சொல்ல மாட்டார், எதிராளிதான் சொல்வார். மசோதாவின் எண்ணும் தேதியும் தந்தால் நாடாளுமன்றத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். எண்ணும் தேதியும் இல்லாமல், இருண்ட பின்னணியும் சிதைத்த புகைப்படமும் மட்டும் இருந்தால் அதில் சரிபார்க்க எதுவுமில்லை.

யார் பேசுகிறார்கள் என்பதைக் கடைசி நொடிகளில் பாருங்கள். 2002-இல் வந்த இன்னொரு சட்டமான தேர்தல் பிரசார நிதிச் சட்டத்தின்படி, வேட்பாளர் தரப்பின் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு அவரே தோன்றியோ குரல் கொடுத்தோ ஒப்புதல் சொல்ல வேண்டும். வேட்பாளர் தரும் விளம்பரத்தை நிலையம் தணிக்கை செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதாவது பொய் என்று தெரிந்தாலும் ஒளிபரப்பியாக வேண்டும். "தொலைக்காட்சியிலேயே வந்ததே" என்ற வாதம் இங்கே நிற்காது. வெளிக் குழுக்களின் விளம்பரத்தை நிலையங்கள் மறுக்கலாம், ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2010 சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்புக்குப் பின் அவை வரம்பின்றிச் செலவழிக்கின்றன, பெயர்களோ தேசபக்தி மணக்க இருக்கும். பணம் கொடுத்தது யார் என்பதை நிலையங்கள் எஃப்.சி.சி.யின் பொதுக் கோப்புத் தளத்தில் வெளியிட வேண்டும். அந்தக் குழுவின் பெயரைக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத் தளத்தில் இட்டால் நன்கொடையாளர்களில் பலர் தெரியவருவார்கள்.

கிசுகிசுவாகப் பரவுவதற்கு ஒப்புதல் வரியே கிடையாது. 2000-இல் தென் கரோலினா முதனிலைத் தேர்தலின்போது, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற ஜான் மெக்கெய்னுக்கு முறைதவறிப் பிறந்த கறுப்பினக் குழந்தை உண்டு என்று வதந்தி கிளப்பினார்கள். அந்தக் குழந்தை அவரும் அவர் மனைவியும் பங்களாதேஷ் அநாதை இல்லத்திலிருந்து தத்தெடுத்த மகள். அங்கே அவர் தோற்றார். நம் ஊர்ப்புறத்துப் பிள்ளை ஒன்றின் நிறமே ஆயுதமானதை நினைத்துப் பார்த்தால், இத்தகைய செய்தியைச் சுவைக்காகப் பகிரவும் கை வராது.

இரு தரப்பு வசையையும் கேட்டுச் சலித்து, "இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்" என்று வீட்டில் இருந்துவிடுவதுதான் சில விளம்பரங்களின் நோக்கமே. அதிபர் பெயர் அந்த வாக்குச்சீட்டின் ஒரு வரி மட்டுமே. நீதிபதி, ஷெரிஃப், பள்ளி வாரியம் என்று உங்கள் தெருவைத் தொடும் பதவிகள் கீழே வரிசையாக இருக்கும்.

வாக்குச்சாவடியில்

ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அப்பா, அம்மாவை அழைத்துச் செல்பவர்கள் வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆம் பிரிவைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். படிக்க, எழுத இயலாத வாக்காளர் தாம் விரும்பும் எவரையும் உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். முதலாளி, தொழிற்சங்கம் ஆகியவற்றின் ஆள்கள் மட்டும் கூடாது. 2014-இல் டெக்சாசின் வில்லியம்சன் கவுண்டியில் பெங்காலி பேசும் ஒரு தாய்க்கு மொழிபெயர்க்க முயன்ற மகனை, அவர் பக்கத்துக் கவுண்டியின் வாக்காளர் என்று சொல்லித் தடுத்தார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டெக்சாசின் அந்த விதி 208-க்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அந்தத் தாய் காலமாகியிருந்தார்.

வேட்பாளர் பெயர் பொறித்த சட்டை, தொப்பி அணியாதீர்கள்; பல மாநிலங்களில் கழற்றச் சொல்வார்கள். குடிநீரை நீங்களே கொண்டுசெல்லுங்கள், ஏனெனில் ஜார்ஜியாவில் 2021 முதல் சாவடிக்கு அருகே வரிசையில் நிற்பவருக்கு மற்றவர் தண்ணீர் கொடுப்பதும் குற்றம். சாவடி மூடும் நேரத்தில் வரிசையில் இருந்தால் எவ்வளவு நேரமானாலும் வாக்களிக்கலாம். "முடிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் வரிசையை விட்டு விலகாமல் 866-687-8683 என்ற வாக்காளர் உதவி எண்ணை அழையுங்கள். ஆசிய மொழிகளில் உதவ 888-274-8683 உண்டு.

பெயர் இல்லை என்று சொன்னால், முதலில் இது உங்களுக்கு உரிய சாவடிதானா என்று கேளுங்கள். தவறான சாவடியில் இட்ட வாக்கைச் சில மாநிலங்கள் முழுவதுமாகத் தள்ளிவிடும். சாவடி சரிதான் என்றால், நீங்கள் எடுத்து வைத்த படத்தைக் காட்டுங்கள், அதற்கும் மசியாவிட்டால் தற்காலிக வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பதிவு செய்திருக்கிறேன், தகுதியுண்டு என்று எழுத்தில் உறுதியளிப்பவருக்கு அதைத் தர வேண்டும் என்பது முதலில் சொன்ன 2002 தேர்தல் சட்டம். கூடவே தரும் துண்டுச்சீட்டில், வாக்கு எண்ணப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்று கட்டணமின்றி அறியும் வழி இருக்கும். கூடுதல் ஆவணம் கேட்டிருந்தால் சில நாள்களே அவகாசம், ஆகவே மறுநாள் காலையிலேயே கவுண்டி அலுவலகத்துக்குச் சென்றுவிடுங்கள்.