பெண் டரான்டுலா இனச்சேர்க்கைக்குத் தயாரா என அறிவது எப்படி?

டரான்டுலா என்பது உடலெங்கும் முடி அடர்ந்த பெரிய சிலந்தி. வீட்டில் வளர்க்கும் பெண் டரான்டுலாவுடன் ஆணைச் சேர்க்க விரும்புவோர் முதலில் கேட்பது அதன் வயதைத்தான். வயது நம்பத்தக்க அளவுகோல் அன்று. ஒரே முட்டைப்பையில் பிறந்த இரு பெண் சிலந்திகள்கூட, கிடைக்கும் இரையையும் இடத்தின் வெப்பத்தையும் பொறுத்து வெவ்வேறு ஆண்டுகளில் முதிர்கின்றன. கடைசியாகத் தோலுரித்த நாளும், உரித்த தோலும்தான் சரியான விடையைத் தரும். மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்தைச் சேர்ந்த பிராகிபெல்மா ஹமோரி என்னும் செம்முட்டி டரான்டுலாவை வைத்து இதை விளக்குகிறேன்.

படி 1: இனத்தை உறுதிசெய்யுங்கள்

2017-ஆம் ஆண்டு வரை இந்தச் சிலந்தி பிராகிபெல்மா ஸ்மிதி என்ற வேறோர் இனத்தின் பெயரிலேயே பெரும்பாலும் விற்கப்பட்டது. ஆகவே பழைய பெயர்ச்சீட்டை மட்டும் நம்பி இணை சேர்த்தால் கலப்பினக் குஞ்சுகள் பிறக்கக்கூடும். பிராகிபெல்மா பேரினம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. இந்தியாவில் வளர்ப்போர் 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்த பிறகே இனப்பெருக்கத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

படி 2: உரித்த தோலைப் படியுங்கள்

தோலுரித்து முடித்த சிலந்தி நிமிர்ந்து நின்று, தோலை விட்டு விலகும் வரை காத்திருங்கள். அப்போது அதன் உடல் மிகவும் மென்மையாக இருப்பதால் சிறிய இடிகூட ஆபத்தானது. பிறகு நீண்ட இடுக்கியால் தோலை எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். சுருண்டு கிடக்கும் வயிற்றுப்பகுதியை மெல்லிய தூரிகையால், உட்புறம் மேலே தெரியும்படி பொறுமையாக விரியுங்கள். அவசரப்பட்டால் பார்க்க வேண்டிய இடமே கிழிந்துவிடும்.

விரித்த தோலில் நான்கு வெளிறிய திட்டுகள் தெரியும்; அவை புத்தக நுரையீரல்கள், அதாவது ஏடுகள்போல அடுக்கடுக்கான மூச்சு உறுப்புகள். முன்னிரண்டு திட்டுகளுக்கு நடுவே குறுக்காக ஓடும் பிளவின் உட்புறத்தில், பெண் சிலந்திக்கு மட்டும், சட்டைக் காலர்போல ஒரு மடிப்பு எழுந்து நிற்கும். அதுவே ஆணின் விந்தைச் சேமித்து வைக்கும் பை. இந்த இனத்தில் அது இரண்டாகப் பிரியாமல் ஒரே அகன்ற மடிப்பாக இருக்கும். இளம் பெண்ணில் அது குறுகலாகவும், ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகவும் இருக்கும். முதிர்ந்த பெண்ணில் அகன்று, தடித்து, பழுப்பேறிக் காணப்படும். விளக்கொளிக்கு எதிரே பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் வேறுபாடு விளங்கும். மடிப்பு மெல்லியதாக இருந்தால் அடுத்த தோலுரிப்பு வரை காத்திருப்பதே முறை.

படி 3: தோலுரித்த நாளிலிருந்து கணக்கிடுங்கள்

இந்தப் பையின் உட்பூச்சும் தோலோடு சேர்ந்தே உரிந்துவிடுகிறது. அதனுடன் சேமித்த விந்து முழுவதும் போய்விடும். இணை சேர்ந்த பெண் பல மாதங்கள் கழித்தே முட்டையிடக்கூடும் என்பதால், அதற்குள் தோலுரித்துவிட்டால் எல்லாம் வீண். எனவே தோலுரித்த தேதியைக் கூண்டின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

தோலுரித்த பின் நச்சுப்பற்கள் முதலில் வெண்மையாகவும், பின்னர் சிவந்தும், கடைசியில் கறுத்தும் தோன்றும். நன்கு கறுத்த பிறகே இரை கொடுங்கள். அதன்பின் ஓரிரு மாதங்கள் பாச்சை, கரப்பான் எனத் தாராளமாக உணவளித்து, வயிறு நிறைந்து திரண்ட பிறகு ஆணைச் சேர்ப்பது என் பார்வையில் ஏற்ற நேரம். பசித்த பெண் ஆணை இரையாகவே பார்க்கும்.

படி 4: அடுத்த தோலுரிப்பின் அறிகுறி உண்டா?

இரையைப் பல நாட்கள் மறுப்பதும், வயிற்றில் முடி உதிர்ந்த வழுக்கைத் திட்டு கறுத்துப் பளபளப்பதும் புதுத்தோல் உருவாகிவிட்டதைக் காட்டும். இவை தென்பட்டால் ஆணைக் கொண்டுவரவே வேண்டாம்.

படி 5: பெண்ணின் பதிலைக் கேளுங்கள்

ஆணின் பெட்டியைப் பெண்ணின் கூண்டருகே சில இரவுகள் வையுங்கள். ஆண் தன் முன்கால்களாலும், வாயருகே கால்போல் இருக்கும் உணர்கால்களாலும் தரையைத் தட்டி அதிர்வு அனுப்பும். இசைவுள்ள பெண் பெரும்பாலும் தானும் தட்டிப் பதில் தரும். சில பெண்கள் தட்டாமலே இசைவதும் உண்டு. ஆணைப் பெண்ணின் கூண்டுக்குள் விட்டதும் பதிலின்றிப் பெண் பாய்ந்து துரத்தினால், நீண்ட தூரிகையால் இடைமறித்து ஆணை உடனே எடுத்துவிட்டு, சில நாட்கள் கழித்து மறுபடி முயலுங்கள். ஆனால் பெண் முன்னுடலை உயர்த்திப் பற்களை விரிப்பதைக் கண்டதும் பதற வேண்டாம். இணையும்போதும் அது அவ்வாறே நிற்கும், ஆண் தன் முன்கால்களில் உள்ள கொக்கிகளால் அந்தப் பற்களைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும்.

இணை சேர்ந்து பிரிந்ததும் ஆணை அகற்றிவிட்டு, பெண்ணுக்கு வழக்கம்போல் இரையும் நீரும் கொடுத்து வாருங்கள். முட்டைப்பை கட்டாமல் அது தோலுரித்துவிட்டால், அந்தத் தோலை எடுத்து ஊறவைத்து இரண்டாம் படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.