ஹெட்போன் ஆம்பில் அளவீடு குழப்புகிறதா? முதலில் கறுப்பு ப்ரோபைப் பாருங்கள்

9 வோல்ட் பேட்டரி, ஒரு இரட்டை ஆப்-ஆம்ப் (இரண்டு சானலுக்கும் சிக்னலைப் பெருக்கும் ஐசி), கைப்பிடி அளவு ரெசிஸ்டர்கள்: வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் சீமோய் (CMoy) வகை ஹெட்போன் ஆம்பில் இருப்பது அவ்வளவுதான். அதில் மல்டிமீட்டரால் அவுட்புட்டை அளந்து, 4.5 வோல்ட் டிசி வந்ததும் ஐசி போய்விட்டது என்று அதைப் பிடுங்குகிறவர்கள் நிறைய. ஐசியை நம்பலாம், அளந்த விதத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். இந்தச் சுற்றில் பேட்டரியின் நெகட்டிவ் கிரவுண்ட் அல்ல. இரண்டு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் சந்திக்கும் நடுப்புள்ளிதான் கிரவுண்ட். ஹெட்போன் ஜாக்கின் ஸ்லீவும் (இரண்டு சானலுக்கும் பொதுவான முனை) அங்கேதான் சேர்கிறது. அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைச் சால்டர் செய்து, வோல்ட் அளக்கும்போது மீட்டரின் கறுப்பு ப்ரோபை அதில் கிளிப் போட்டு மாட்டிவிடுங்கள். வோல்ட் அளந்து முடியும் வரை அதை அசைக்கவே வேண்டாம்.

அதற்கு முன்னால் கரண்ட். பேட்டரியின் ஒரு கம்பியைப் பிரித்து, மில்லிஆம்ப் ரேஞ்சில் மீட்டரை இடையில் வையுங்கள். ஆப்-ஆம்ப் ஓபிஏ2134 என்றால் ஐசிக்குச் சுமார் 8 மில்லிஆம்ப், நடுப்புள்ளி ரெசிஸ்டர்களுக்கு 1, எல்இடி இருந்தால் அதற்குக் கொஞ்சம். 10-ஐ ஒட்டி வந்தால் சரி. 30, 40 என்று ஏறி ஐசியும் சூடானால் உடனே பிரித்துவிட்டு, ஐசி திரும்பி உட்கார்ந்திருக்கிறதா, கால்களுக்கு இடையே சால்டர் ஒழுகியிருக்கிறதா என்று பாருங்கள். அளந்து முடித்த கையோடு சிவப்பு ப்ரோபை வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். மில்லிஆம்ப் துளையிலேயே விட்டுவிட்டு வோல்ட் அளக்கப் போனால், தொட்ட இரண்டு புள்ளிகளையும் மீட்டரே ஷார்ட் செய்துவிடும்.

இனி ஹெட்போனையும் பாட்டுக் கருவியையும் மாட்டாமல் டிசி அளவுகள். 8-வது காலில் +4.5 வோல்ட், 4-வது காலில் −4.5. அவுட்புட் கால்களான 1, 7 இரண்டிலும் சில மில்லிவோல்ட்டுகள்தான் இருக்க வேண்டும். ஓபிஏ2134-இன் உள்ளீட்டு ஆஃப்செட் (சிக்னல் இல்லாதபோதும் உள்ளீட்டில் இருக்கும் சிறு டிசி பிழை) அதிகபட்சம் 2 மில்லிவோல்ட். 10 கிலோ, 1 கிலோ ரெசிஸ்டர்கள் தரும் கெயின், அதாவது பெருக்கம், 11 மடங்கு. அதனால் 22-க்கு மேல் போனால் வேறு காரணம் இருக்கிறது.

ஓபிஏ2134-க்குப் பதில் என்இ5532 ஆப்-ஆம்ப் போட்டவர்களுக்கு −200 மில்லிவோல்ட் அளவில் வரும். அது பழுதல்ல. அந்த ஐசியின் உள்ளீட்டுக் கால் சுமார் 200 நானோஆம்ப் இழுக்கிறது. அது உள்ளீட்டைக் கிரவுண்டோடு இணைக்கும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வரும்போது 20 மில்லிவோல்ட் விழுகிறது, 11 மடங்காகி 220 ஆகிறது. ஓபிஏ2134 போல எஃப்இடி உள்ளீடு உள்ள (உள்ளீட்டில் கரண்ட் ஏறக்குறைய இழுக்காத) ஐசிக்காக எழுதிய ரெசிஸ்டர் மதிப்புகளில் இதைச் செருகியதால் வந்த வினை. ஹெட்போனை மாட்டிவிடாதீர்கள்.

ஒரு சானலின் அவுட்புட் மட்டும் +4.5 அல்லது −4.5 வோல்ட்டை நெருங்கி ஒட்டிக்கொண்டால் 10 கிலோ ரெசிஸ்டரின் சால்டரையோ, 100 கிலோவின் கிரவுண்ட் முனையையோ பாருங்கள். இரண்டில் ஒன்று விட்டுப்போயிருக்கும்.

பலரைச் சுற்றவிடுவது அடுத்த கட்டம்தான். ஹெட்போனுக்குப் பதில் ஒரு சானலில் 33 ஓம் ரெசிஸ்டரை மாட்டி, பவர் கால்கள் இரண்டையும் மறுபடி அளந்து பாருங்கள். முன்பு ±4.5 காட்டிய அதே ஆம்ப், எண்கள் மெல்ல நகர்ந்து சில விநாடிகளில் +3.1, −5.9 என்று நிற்கலாம். கணக்கு இதுதான்: 20 மில்லிவோல்ட் ஆஃப்செட் 33 ஓமில் 0.6 மில்லிஆம்ப் ஓட்டுகிறது. அது நடுப்புள்ளிக்குள் போய்ச் சேர்கிறது. இரண்டு 4.7 கிலோவும் இணையாகச் சேர்ந்தால் 2.35 கிலோ, ஆகவே நடுப்புள்ளி 1.4 வோல்ட் மேலே ஏறுகிறது. நடுப்புள்ளியின் இரு பக்கமும் இருக்கும் 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் இரண்டும் நிரம்ப நேரம் எடுப்பதால்தான் எண்கள் அப்படி ஊர்கின்றன. பாட்டு ஒரு பக்கம் வெட்டுப்பட்டுக் கரகரப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆஃப்செட் குறைந்த ஐசியைப் போடுங்கள், இல்லையென்றால் நடுப்புள்ளி ரெசிஸ்டர்களுக்குப் பதில், அந்த வேலையையே செய்யும் டிஎல்இ2426 ஐசியை வையுங்கள். அது 20 மில்லிஆம்ப் வரை தாங்கும்.

கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே அளவு மாறுகிறதா, சும்மா இருக்கும்போதே ஐசி வெதுவெதுப்பாக இருக்கிறதா? ஆசிலேஷன்: ஆம்ப் தானாகவே அதிர்ந்து அலை உண்டாக்குகிறது. 8-க்கும் 4-க்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டரை, கால்களை முடிந்தவரை கத்தரித்து, ஐசியை ஒட்டிப் போடுங்கள். மீட்டரின் நீளக் கம்பியேகூட இதைக் கிளப்பிவிடும், முக்கியமாக உள்ளீட்டுக் கால்களான 2, 6-ஐத் தொடும்போது. அந்தக் கால்களை நேராகத் தொடாதீர்கள். அவுட்புட்டை அளக்கும்போதும் ப்ரோப் முனையில் ஒரு 1 கிலோ ரெசிஸ்டர் இருக்கட்டும். 10 மெகா ஓம் மீட்டருக்கு அதனால் அளவு மாறாது.

கெயின் பார்க்க 100 ஹெர்ட்ஸ் சைன் அலை போதும். மலிவு மீட்டர்கள் 1 கிலோஹெர்ட்ஸில் குறைத்துக் காட்டக்கூடும். சிலவற்றில் ஏசி ரேஞ்ச் 200 வோல்ட்டில்தான் தொடங்குகிறது, அதில் அரை வோல்ட்டை அளப்பது வீண். வால்யூமை முழுக்க வைத்து உள்ளே 50 மில்லிவோல்ட் கொடுத்தால் வெளியே 550. ஒரு சானலில் 50-ஏ திரும்ப வந்தால், 1 கிலோ ரெசிஸ்டர் கிரவுண்டைத் தொடவில்லை. முதலில் டிசியைச் சரிசெய்துவிட்டே இதற்கு வாருங்கள். சில மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் டிசியையும் சேர்த்து, இரண்டு மடங்காகக்கூடக் காட்டும்.

ஆசிலோஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் கிரவுண்ட் கிளிப் எர்த்தோடு இணைந்தது. ஆம்ப் அடாப்டரில் ஓடி, அடாப்டரின் நெகட்டிவும் எர்த்தில் இருந்தால், கிளிப்பை நடுப்புள்ளியில் மாட்டிய கணமே பாதி சப்ளை ஷார்ட். மாட்டுவதற்கு முன் கிளிப்புக்கும் நடுப்புள்ளிக்கும் இடையே டிசி அளந்து பாருங்கள். சப்ளையில் பாதி காட்டினால் அடாப்டரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓட்டி அளவெடுங்கள்.