குன்னூர்ச் சேற்றில் ஒரு கழிமுகம்: பாட்டிலில் பாக்டீரியா அடுக்குகள் வளர்க்க

குன்னூர் ஓடைத் தண்ணீர் பவானி வழியாகக் காவிரிக்குப் போகிறது. காவிரியின் கிளையான கொள்ளிடம் கடலைத் தொடும் பக்கத்தில்தான் பிச்சாவரம். அங்கே சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். மலை ஓடைச் சேற்றில் அவ்வளவு வராது. பலர் உப்பைக் காரணம் சொல்வார்கள். முக்கியக் காரணம் சல்பேட், அதாவது கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஓர் அயனி. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் இருக்கிறது, மலை ஓடையில் மிகச் சொற்பம். சல்பேட் இருந்தால் அதை வைத்துச் சுவாசிக்கும் பாக்டீரியா ஓங்கும்; அவை சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுவதால்தான் அந்த நாற்றம். இல்லாவிட்டால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள்.

இதை வீட்டிலேயே பார்க்க, 1880களில் நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி வகுத்த முறை போதும்.

தோட்டத்துக் குட்டையில் ஓடை வந்து விழும் இடத்தில், மேல் சேற்றைத் தள்ளிவிட்டு அடியிலுள்ள கரிய சேற்றை எடுங்கள். கையுறை அவசியம். சாக்கடை கலக்கும் இடம் வேண்டாம். சரிவிலுள்ள செம்மண்ணும் வேண்டாம்: அதிலுள்ள இரும்பு, உண்டாகும் சல்பைடை எல்லாம் பிடித்துக் கருப்பாக்கிவிடும்; சல்பைடையும் வெளிச்சத்தையும் கொண்டு வாழும் பாக்டீரியாவின் ஊதா நிறம் வரத் தாமதமாகும்.

கல், வேர் நீக்கி, அரை லிட்டர் சேற்றில் பாக்டீரியாவுக்கு உணவாகக் கிழித்த செய்தித்தாள் ஒரு கைப்பிடியும் முட்டை ஓட்டுத்தூள் ஒரு தேக்கரண்டியும் கலந்து, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்புங்கள். காற்றுக்குமிழி தங்கினால் அங்கே ஆக்சிஜன் நிற்கும். குச்சியால் குத்தி வெளியேற்றுங்கள். மேலே மூன்று விரல் ஓடைத் தண்ணீர். இரண்டாவது பாட்டிலும் இப்படியே, கூடவே உரக்கடை ஜிப்சம் ஒரு தேக்கரண்டி. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்தான். உப்பின் பங்கையும் பார்க்க ஆசையென்றால், மூன்றாவதில் ஜிப்சத்தோடு, ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 15 கிராம் கல்லுப்பு கரையுங்கள். மலைச் சேற்றின் பாக்டீரியாவுக்கு உப்புப் பழக்கமில்லை என்பதால் இது மந்தமாகவே நகரும்.

மூடியை இறுக்காதீர்கள், வாயு சேர்ந்தால் பாட்டில் வீங்கும். நேர் வெயில் படாத, வெளிச்சமான சன்னலோரம் நல்லது. வெயிலில் பாசி மண்டி மற்றதை மறைத்துவிடும். உறைபனி மாதங்களில் எல்லாமே மெதுவாகும், அடுப்படிப் பக்கம் வைக்கலாம். ஒரு முறை வைத்த பாட்டிலை அசைக்கக் கூடாது.

சில வாரங்களில் ஜிப்சம் பாட்டிலின் அடி கறுக்கும்; அது இரும்பு சல்பைடு. இரண்டு மாத அளவில் கருப்புக்கு மேலே, வெளிச்சம் படும் பக்கத்தில் பச்சையும் ஊதாவும் திட்டுத்திட்டாக வரும். ஜிப்சம் இல்லாததில் குமிழிகளே அதிகம். பாட்டில் முழுக்கக் கறுத்து நாறினால் காகிதம் மிஞ்சிவிட்டது, பாதியாகக் குறைத்து மறுபடி வையுங்கள். திறப்பது எப்போதும் வீட்டுக்கு வெளியே.