ஒரு நாள் தள்ளிப்போனதில் மாறிய தேதி

கலிபோர்னியாவில் வீட்டுக்கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கித் தரும் நோட்டரி வேலை செய்கிறேன். தொடங்கிய புதிதில் நடந்தது இது.

ஒரு தம்பதியின் ரீஃபைனான்ஸ் கையெழுத்து, அதாவது பழைய வீட்டுக்கடனை அடைக்கப் புதிய கடன் எடுப்பது. வியாழக்கிழமை என்று பேசியிருந்தார்கள். கணவருக்கு வேலை இருந்ததால் வெள்ளிக்குத் தள்ளிப்போனது. குடியிருக்கும் வீட்டின் மீது இப்படிக் கடன் வாங்குபவர், கையெழுத்திட்ட பின் 3 வேலைநாட்களுக்குள் ரத்து செய்யலாம். சனிக்கிழமை அதில் சேரும். ஞாயிறும் மத்திய அரசு விடுமுறைகளும் சேராது. அந்தத் திங்கள் லேபர் டே, அப்படி ஒரு விடுமுறை. பத்திரங்களோடு வரும் ரத்து அறிவிப்பில், வியாழன் கணக்கில் கடைசி நாள் செவ்வாய் என்று அச்சாகியிருந்தது. வெள்ளியன்று கையெழுத்திட்டால் அது புதன். நான் கவனிக்கவே இல்லை.

செவ்வாய் காலை, கடன் பத்திரங்களையும் பணத்தையும் கையாளும் டைட்டில் கம்பெனியிலிருந்து போன், தேதி தவறு என்று. சாயங்காலம் புதிய அறிவிப்போடு மறுபடி அவர்கள் வீட்டுக்குப் போனேன். 3 நாள் கணக்கு அங்கிருந்து புதிதாகத் தொடங்கியது, பணம் அடுத்த வாரம்தான் வந்தது. அந்த மனைவியின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அப்புறம் பழக்கத்தை மாற்றினேன். பத்திரங்களை அச்சிட்டதும் முதலில் ரத்து அறிவிப்பை எடுத்து, நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணுகிறேன். கணவன், மனைவி ஒவ்வொருவருக்கும் 2 பிரதிகள் இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். தேதி தவறென்றால் நானாகத் திருத்துவதில்லை; கிளம்பும் முன்பே டைட்டில் கம்பெனியைக் கூப்பிட்டு, அவர்கள் சொல்கிறபடிதான் செய்கிறேன்.