போஸ்ட்கிரெஸ் ரோல் ஸ்கிரிப்ட்: நான் விழுந்த குழிகள்

போன வாரம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ரோல்களை (உரிமைகள் கொடுக்கப்படும் பயனர் கணக்குகளை) அமைக்கும் தன் ஸ்கிரிப்டைக் காட்டினார். வரிக்கு வரி நான் அந்தக் காலத்தில் எழுதியதேதான், தப்பு உட்பட. பாஸ்வேர்டை கோட் சேமிக்கும் கிட்டில் போடாதே போன்றவை உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இன்று கொடுத்த உரிமை நாளைய டேபிளுக்கு வராது

ரிப்போர்ட் எடுப்பவர்களுக்குப் படிக்க மட்டும் ஒரு ரோல் வேண்டும் என்றார்கள். ஸ்கீமாவுக்கு (டேபிள்கள் இருக்கும் தொகுப்புக்கு) யூசேஜ், அதாவது உள்ளே நுழையும் உரிமை, கொடுத்து, ‘கிராண்ட் செலக்ட் ஆன் ஆல் டேபிள்ஸ்’ என்று ஒரு வரி எழுதினேன். அந்த ‘ஆல்’ அந்த நொடியில் இருக்கிற டேபிள்களை மட்டும்தான் குறிக்கும். அடுத்த ரிலீஸில் வந்த புது டேபிளில் ‘பெர்மிஷன் டினைடு’.

சரி என்று, இனி உருவாகும் டேபிள்களுக்கு முன்கூட்டியே உரிமை வைக்கும் ‘ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ்’ சேர்த்தேன். அட்மினாக ஓட்டினேன், அட்மினாகவே ஒரு டேபிள் உருவாக்கிப் பார்த்தேன், வேலை செய்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மாதக் கடைசி இரவில் ரிப்போர்ட் மறுபடியும் நின்றது. அந்தக் கட்டளை, அதை ஓட்டிய ரோல் இனிமேல் உருவாக்கும் டேபிள்களுக்கு மட்டுமே பொருந்தும். எங்கள் மைக்ரேஷனோ (ரிலீஸின்போது டேபிள்களை உருவாக்கும், மாற்றும் ஸ்கிரிப்ட்) வேறொரு ரோலில் ஓடுகிறது. எர்ரர் கிடையாது, வார்னிங் கிடையாது. இன்றும் இதை நினைத்தால் எரிச்சல்தான்.

அதைவிடக் கொடுமை, அவசரத்துக்கு யாரோ அந்த ரிப்போர்ட் ரோலுக்கு, எதையும் செய்ய முடிகிற சூப்பர்யூசர் உரிமை கொடுத்துவிட்டார்கள். காலையில் எடுத்துவிடலாம் என்ற பேச்சு மூன்று மாதம் அப்படியே கிடந்தது. அப்புறம் ஒருவர், டெஸ்ட் என்று நினைத்து லைவ் டேபிளை டிரங்கேட் செய்து மொத்தமாகக் காலி செய்தார். பேக்கப்பிலிருந்து மீட்டெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

செய்ய வேண்டியது இதுதான்: ‘ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ்’ கட்டளையில் ‘ஃபார் ரோல்’ என்று போட்டு, டேபிளை உண்மையில் உருவாக்கும் ரோலின் பெயரைக் கொடுங்கள். பழைய டேபிள்களுக்கு அந்த ‘கிராண்ட்’ வரியும் வேண்டும். ஒன்று இருந்தால் போதும் என்று மற்றதை அழித்துவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்கியூஎல்லில் பேக்ஸ்லாஷ் டிடிபி அடித்தால் அந்தக் கட்டளை எந்த ரோலின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். சோதனை டேபிளையும் மைக்ரேஷன் ரோலிலேயே உருவாக்கிப் பாருங்கள். நான் கோட்டை விட்டது அங்கேதான்.

ரோலை நீக்கும்போது வரிசை

ஆள் வேலையை விட்டுப் போனதும் ‘டிராப் ரோல்’ அடித்தால், அவர் பெயரில் டேபிள் இருக்கிறது என்று போஸ்ட்கிரெஸ் மறுக்கும். முதலில் ‘ரீஅசைன் ஓன்டு’ (அவர் டேபிள்களை வேறு ரோலுக்கு மாற்ற), பிறகு ‘டிராப் ஓன்டு’ (மிச்சமுள்ள உரிமைகளை நீக்க). மாற்றிப் போட்டால் டேபிள்களே போய்விடும். அவருக்குச் சொத்தோ உரிமையோ உள்ள ஒவ்வொரு டேட்டாபேஸிலும் தனித்தனியாக ஓட்ட வேண்டும்.

‘கிரியேட் ரோல்’

இதற்கு ‘இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ (ஏற்கெனவே இல்லையென்றால் மட்டும் உருவாக்கு) கிடையாது. முதலில் ரோல்களின் பட்டியலான பிஜி_ரோல்ஸில் தேடுங்கள்.

பேக்கப்

ஒரு டேட்டாபேஸை பேக்கப் எடுக்கும் பிஜி_டம்ப் ரோல்களை எடுக்காது. அதற்கு பிஜி_டம்ப்ஆல் கட்டளையை குளோபல்ஸ்-ஒன்லி என்று போட்டு ஓட்டுங்கள்.

பப்ளிக் ஸ்கீமா

2022இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து, புது டேட்டாபேஸின் பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்க முடியாது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திய டேட்டாபேஸில் அந்தக் கதவு இன்னும் திறந்தேதான் இருக்கும். அந்த உரிமையைப் பறிக்கும் ‘ரிவோக்’ நீங்களேதான் அடிக்க வேண்டும்.