ஊதா மூடியிலிருந்து சிவப்பு மூடிக்கு: ஆய்வகப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ மாணவர்களுக்கு ஆய்வகப் பாடம் நடத்த புதிதாக வரும் ட்யூட்டர்கள் பெரும்பாலும் எந்திரத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆட்டோ அனலைசர் எப்படி அளக்கிறது, பீர்-லாம்பர்ட் விதி என்ன, பிசிஆர் எத்தனை சுழற்சி ஓடும் என்பதிலேயே வகுப்பு முடிந்துவிடும். மாணவர்கள் படம் வரைந்து ரெகார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதே மாணவர்கள் ஹவுஸ் சர்ஜனாக வார்டுக்கு வரும்போது அந்த எந்திரத்தின் பக்கம்கூடப் போகமாட்டார்கள். அவர்கள் கையில் இருப்பது ஊசி, குழாய், பிறகு ரிப்போர்ட். நோயாளிக்குக் கெடுதல் வருவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

குழாயில் பெயர் எழுத மறப்பது, கையுறை போடாமல் ரத்தம் எடுப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அதை எல்லா வார்டிலும் யாராவது அதட்டிச் சொல்லித் தந்துவிடுவார்கள். யாரும் உட்கார்ந்து சொல்லித் தராத தவறுகள் சில இருக்கின்றன. அவற்றில் முதலாவது வருடா வருடம் திரும்ப நடக்கிறது. ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் ஒரே ஒரு பிராக்டிகல் வகுப்பில் அதைத் தடுத்துவிடலாம்.

ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்கு ஊற்றுவது

இரவு டூட்டி. வயதான நோயாளி, நரம்பு கிடைப்பது கஷ்டம். ஹவுஸ் சர்ஜன் எப்படியோ நாலைந்து மில்லி எடுத்துவிடுகிறார். ஊதா மூடிக் குழாய் நிறைந்துவிட்டது, சிவப்பு மூடிக் குழாயில் ஒன்றரை மில்லிதான் இருக்கிறது. "இன்னொரு தடவை குத்தணுமா? பாவம் பாட்டி" என்று நினைத்து, ஊதா மூடியைத் திறந்து அரை மில்லியைச் சிவப்பில் ஊற்றிவிடுகிறார். ரத்தம் ரத்தம்தானே என்பது அவர் கணக்கு. நல்ல மனதோடு செய்கிற தவறு என்பதால்தான் இது ஓயாமல் நடக்கிறது.

ஊதா மூடிக் குழாயின் சுவரில் பூசியிருப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருளின் பொட்டாசியம் உப்பு. ஒரு மில்லி ரத்தத்துக்குச் சுமார் 1.5 முதல் 1.8 மில்லிகிராம். சிவப்புக் குழாயோ ரத்தத்தை உறையவிட்டு, பிரியும் தெளிந்த நீரான சீரத்தைப் பரிசோதிப்பதற்கானது. இடிடிஏ அதற்குள் போனதும் இரண்டு வேலை செய்கிறது. தன்னிடமுள்ள பொட்டாசியத்தைச் சீரத்தில் கலக்கிறது. கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் ஆகியவற்றைப் பிடித்துக்கொள்கிறது. அல்கலைன் பாஸ்படேஸ் நொதி வேலை செய்யத் துத்தநாகமும் மெக்னீசியமும் வேண்டும் என்பதால் அதன் அளவும் இறங்குகிறது.

அரை மணி நேரத்தில் ஆய்வகத்திலிருந்து போன் வருகிறது: பொட்டாசியம் 7.2, ஆபத்தான அளவு. உடனே சிகிச்சை: பத்து சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி, பத்து யூனிட் இன்சுலின், கூடவே டெக்ஸ்ட்ரோஸ். பாட்டியின் உண்மையான பொட்டாசியம் 3.8 ஆக இருந்திருக்கும். இன்சுலின் அதை இன்னும் கீழே தள்ளும், விடிவதற்குள் சர்க்கரையும் இறங்கலாம். எந்திரம் தப்பாக அளக்கவில்லை. குழாயில் இருந்ததைச் சரியாகத்தான் அளந்தது.

ரிப்போர்ட்டைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்க மாணவருக்குச் சொல்லித் தர முடியும். பொட்டாசியம் மட்டும் தனியாக ஏறியிருக்காது. கால்சியம் 5 அல்லது 6 மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கும், அல்கலைன் பாஸ்படேஸ் அடிமட்டத்தில் கிடக்கும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சாதாரணமாக இருக்கும், இசிஜியில் டி அலை உயர்ந்திருக்காது. கால்சியம் உண்மையிலேயே 5 என்றால் நோயாளிக்குக் கை இழுத்துக்கொண்டிருக்கலாம், வலிப்பு வந்திருக்கலாம். இவரோ எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிறார்.

பொட்டாசியத்தைப் பொய்யாக ஏற்றும் மற்ற காரணங்களையும் இதன் பக்கத்திலேயே வைத்துக் காட்ட வேண்டும். ரத்த அணு உடைந்திருந்தால் சீரம் இளஞ்சிவப்பாக இருக்கும், அணுவுக்குள் இருக்கும் எல்டிஎச், ஏஎஸ்டி நொதிகளும் சேர்ந்து ஏறும், கால்சியம் அப்படியே இருக்கும். பிரிக்காத ரத்தத்தை இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தால் அணுச்சுவரின் சோடியம்-பொட்டாசியம் பம்ப் குளிரில் மந்தமாகி, பொட்டாசியம் கசிந்து ஏறும். அப்போது சீரம் சிவக்கவே சிவக்காது, அதனால் கண்ணுக்குத் தப்பிவிடும். கட்டு இறுக்கிவிட்டு "கையை மூடி மூடித் திறங்க" என்று சொன்னாலும் பொட்டாசியம் ஏறும். சலைன் ஓடும் கையில் எடுத்தால் குளோரைடு ஏறி, புரதம், கால்சியம், ஹீமோகுளோபின் எல்லாம் ஒன்றாக இறங்கும். ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்பது டெசிலிட்டருக்கு 5,000 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கு கலந்தாலே குளுக்கோஸ் சுமார் 500 கூடும்.

இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டால் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். வகுப்பில் செய்து காட்டுங்கள். சம்மதம் தரும் ஒருவரிடமிருந்து 12 முதல் 15 மில்லி ரத்தம் எடுங்கள். ஊதாக் குழாய் ஒன்றைக் குறித்த கோடு வரை நிரப்பி, எட்டு முறை மெதுவாகக் கவிழ்த்து வையுங்கள். பிறகு சிவப்புக் குழாய்கள்:

முதல் குழாய் சுத்தமான ரத்தம், 2 மில்லி. இரண்டாவதில் 1.9 மில்லி சுத்த ரத்தமும் 0.1 மில்லி ஊதாக் குழாய் ரத்தமும். மூன்றாவதில் 1.6-உம் 0.4-உம். நான்காவது குழாய்க்கான ரத்தத்தை மெல்லிய இன்சுலின் ஊசி வழியாக வேகமாகத் தள்ளி உடைத்து ஊற்றுங்கள். ஐந்தாவதை முந்தின நாளே எடுத்துப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆறாவதில் 1.6 மில்லி ரத்தமும் 0.4 மில்லி நார்மல் சலைனும்.

ஆறையும் சென்ட்ரிஃப்யூஜில் போட்டு சோடியம், பொட்டாசியம், குளோரைடு, கால்சியம், அல்கலைன் பாஸ்படேஸ், எல்டிஎச், மொத்தப் புரதம் பாருங்கள். ரிப்போர்ட்டில் குழாய் எண்ணைப் போடாமல் மாணவரிடம் கொடுத்து, எது எந்தக் குழாய் என்று கேளுங்கள்.

மூன்றாவது குழாயை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். வகுப்பு தடுமாறுவது இரண்டாவதில். ஐந்து சதவீதக் கலப்பில் பொட்டாசியம் ஒரு மில்லிமோலுக்குள்தான் ஏறும். நாலாக இருந்தது 4.8 ஆகும், இயல்பு வரம்புக்குள்ளேயே நிற்கும். கால்சியமும் கொஞ்சமாகத்தான் இறங்கியிருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. இப்போது அதே கலப்பு, பொட்டாசியத்தைச் சிறுநீரில் இழக்கச் செய்யும் ஃப்ரூசமைடும், பொட்டாசியம் குறைந்தால் நஞ்சாக மாறும் டிகாக்சினும் சாப்பிடுகிற இதய நோயாளியின் குழாயில் நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பொட்டாசியம் 2.9, ரிப்போர்ட்டில் 3.7. வார்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். டிகாக்சின் தொடரும், பொட்டாசியம் யாரும் கொடுக்கமாட்டார்கள். அதிகமாகக் கலந்த குழாய் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்சமாகக் கலந்ததுதான் ஆளைக் கொல்லும். நேற்றைய ரிப்போர்ட்டோடு இன்றையதை வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் மட்டுமே அது பிடிபடும்.

ஊற்றினால்தான் கலக்கும் என்றில்லை. சிரிஞ்சில் எடுத்து, ஊதாக் குழாய்க்குள் ஊசிமுனை படும்படி இறக்கிவிட்டு, அதே ஊசியோடு சிவப்புக்குப் போனாலும் கலக்கும். அதனால்தான் வரிசை: முதலில் பிளட் கல்ச்சர், பிறகு நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். இந்த வரிசையை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள், வரிசையை அவர்களே கட்டிவிடுவார்கள். ரத்தம் குறைவாகக் கிடைத்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லித் தாருங்கள்: எந்தப் பரிசோதனை இப்போதே வேண்டும் என்று முடிவு செய்து அந்தக் குழாயை மட்டும் அனுப்புங்கள், அல்லது ஆய்வகத்தைக் கூப்பிட்டு இவ்வளவு போதுமா என்று கேளுங்கள். கேட்கலாம் என்பதே பல ஹவுஸ் சர்ஜன்களுக்குத் தெரியாது.

நீல மூடிக் குழாயைப் பாதி நிரப்பி அனுப்புவது

ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் குழாய் இது. உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 0.3 மில்லி, ரத்தம் 2.7 மில்லி. ஒன்றுக்கு ஒன்பது. ரத்தம் குறைந்தால் மிச்சமிருக்கும் சிட்ரேட், பரிசோதனையின்போது சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். பிடி, ஏபிடிடி என்ற இரண்டு உறைதல் நேரங்களும் நீண்டு காட்டும், ரத்தம் உறையாத நோய் என்று வார்டில் கிளம்பிவிடுவார்கள். கோடு வரை இல்லாத குழாயை ஆய்வகம் திருப்பி அனுப்பினால் சண்டை போடக்கூடாது.

சாம்பல் மூடி சர்க்கரையைக் காப்பாற்றிவிடும் என்று நம்புவது

உடனே காப்பாற்றாது. சாம்பல் குழாயில் உள்ள ஃப்ளோரைடு தடுப்பது ஈனோலேஸ் நொதியை, அது அணுக்கள் குளுக்கோஸை உடைக்கும் வழியின் கடைசிப் பக்கம் இருக்கிறது. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குளுக்கோஸ் கரைந்துகொண்டேதான் இருக்கும். சீக்கிரம் பிளாஸ்மாவைப் பிரியுங்கள்.

ஸ்லைடு பார்க்காமல் பிளேட்லெட்டை நம்புவது

டெங்கு சமயத்தில் இது தினசரிக் கதை. அணுக்களை எண்ணும் எந்திரமான கவுண்டரில் 22,000 என்று வந்ததும் சொந்தக்காரர்கள் ரத்த வங்கிக்கு ஓடுகிறார்கள். நோயாளியின் தோலில் ஒரு புள்ளிகூட இல்லை. சிலருடைய பிளேட்லெட்டுகள் இடிடிஏவில் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கவுண்டர் அந்தக் கொத்துகளைப் பிளேட்லெட்டாக எண்ணாது. ரத்தத்தை ஸ்லைடில் மெல்லியதாகப் பரப்பிய ஸ்மியரில் வால் பகுதியைப் பார்த்தால் கொத்துகள் தெரியும். சந்தேகம் என்றால் நீலக் குழாயில் மறுபடி எடுத்து எண்ணி, வந்த எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும், ஏனென்றால் பத்தில் ஒரு பங்கு சிட்ரேட்.

ஸ்மியர் ஒழுங்காக இருந்தால்தான் இது நடக்கும். பரப்பும் ஸ்லைடு 30 முதல் 45 டிகிரி சாய்வில் நிற்கட்டும். லீஷ்மன் சாயத்தைத் தண்ணீர் சேர்க்காமல் இரண்டு நிமிடம் விடுங்கள், அதிலுள்ள மெத்தனால்தான் அணுக்களை நிலைப்படுத்துகிறது. பிறகு இரு மடங்கு, பிஎச் 6.8 பஃபர் நீர் சேர்த்து ஏழு முதல் பத்து நிமிடம். முதல் இரண்டு நிமிடத்தை அவசரத்தில் விழுங்கிவிடுவதுதான் மாணவர் ஸ்லைடுகள் கெடுவதற்கு முக்கியக் காரணம்.

மரபணுப் பரிசோதனைக்குப் பச்சை மூடியில் அனுப்புவது

பச்சைக் குழாயில் உள்ள ஹெபாரின், மரபணுவைப் பெருக்கும் பிசிஆரைத் தடுக்கும். ஊதாவில் அனுப்புங்கள்.

"ஸ்டார் 1/ஸ்டார் 1" என்றால் எல்லாம் நார்மல் என்று படிப்பது

ஒருவரின் மரபணுவைப் பார்த்து மருந்தை முடிவு செய்யும் தனிநபர் மருத்துவம் பாடத்தில் மிகப் பரவலான தவறு இதுதான். ரத்தக்கட்டி உருவாகாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை ஈரலில் சிஒய்பி2சி19 நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் வேலை செய்யும். அந்த மரபணுவில் *2, *3 (ஸ்டார் 2, ஸ்டார் 3) என்ற மாற்றங்கள் இருந்தால் நொதி செயலிழக்கும். ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரை போதிய பலன் தராமல் போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் இதற்குப் பெட்டி எச்சரிக்கை, அதாவது அதன் மிகக் கடுமையான எச்சரிக்கை, போட்டது. *2 தெற்காசியரிடம் மிகச் சாதாரணம், நமக்கு இது தூரத்து விஷயமே இல்லை.

ரிப்போர்ட்டில் *1/*1 என்று வந்தால் "மரபணு நன்றாக இருக்கிறது" என்று மாணவர் எழுதுகிறார். உண்மையில் *1 என்று தனியாக எதையும் யாரும் தேடுவதில்லை. தேடிய மாற்றங்கள் கிடைக்காவிட்டால் மிச்சத்துக்கு வைக்கும் பெயர் அது. கிட் *2-ஐயும் *3-ஐயும் மட்டும் தேடியிருந்தால், வேறொரு அரிய மாற்றம் உள்ளவரும் *1/*1 ஆகத்தான் வருவார். அதனால் ரிப்போர்ட்டின் முதல் வரிக்கு முன்பு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் "பரிசோதிக்கப்பட்ட மாற்றங்கள்" பகுதியைப் படிக்கப் பழக்குங்கள்.

நோய் எதிர்ப்பைத் தணிக்கும் அசாதியோப்ரின் மருந்தில் இதே சங்கதி வேறு வடிவில் வருகிறது. பழைய பாடங்களைப் பார்த்து அந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதிக்கான டிபிஎம்டி மரபணுவை மட்டும் பரிசோதித்து, இயல்பு என்றதும் முழு அளவு மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். ஆசிய மக்களிடம் வெள்ளணுக்கள் சரிவதற்கு என்யுடிடி15 என்ற இன்னொரு மரபணுவின் மாற்றங்கள் பெரிய காரணம், அதை யாரும் தேடியிருக்கமாட்டார்கள். இரண்டையும் பாருங்கள். இரண்டும் இயல்பாக இருந்தாலும் ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையை விடாதீர்கள்.

இன்னொன்று, மரபணு இயல்பாக இருந்தும் நொதி முடங்கியிருக்கலாம். *1/*1 உள்ளவருக்கு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போய்க்கொண்டிருந்தால் அது அதே சிஒய்பி2சி19-ஐத் தடுக்கும். மரபணு ரிப்போர்ட்டை மருந்துச் சீட்டோடு சேர்த்துத்தான் படிக்க முடியும்.

தனிநபர் மருத்துவம் என்றால் சீக்குவென்சர் என்று தொடங்குவது

தென்னிந்திய வகுப்பில் தொடங்க வேண்டிய இடம் மரபணு வரிசையைப் படிக்கும் அந்த எந்திரம் இல்லை, ஆபரேஷனில் தசைகளைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் ஊசி. ஆரிய வைசியக் குடும்பங்களில் பரம்பரையாக, அந்த மருந்தை உடைக்கும் சூடோகோலினெஸ்டரேஸ் நொதியின் குறைவு அதிகமாகப் பதிவாகியிருக்கிறது. மயக்க மருந்தோடு இந்த ஊசி போட்டால், சில நிமிடங்களில் மீள வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் வராமல் போகும், அதுவரை வென்டிலேட்டர் வேண்டும். இதைக் கண்டுபிடிக்கும் நொதிப் பரிசோதனையோ பூச்சிமருந்து விஷத்துக்காக நம் அரசு மருத்துவமனைகளில் அன்றாடம் செய்கிற அதே பரிசோதனைதான். "வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்து மூச்சு திரும்பத் தாமதமானதா?" என்ற ஒரு கேள்வியிலிருந்து மரபணுவரை வகுப்பைக் கொண்டுபோகலாம். ஈரல் நோயிலும் விஷத்திலும் அளவு குறையும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

ஜி6பிடியை ரத்தம் உடைந்துகொண்டிருக்கும்போது பார்ப்பது

வைவாக்ஸ் மலேரியாவுக்கு பிரைமாகுயின் கொடுத்த மூன்றாம் நாள் சிறுநீர் கறுக்கிறது, ஹீமோகுளோபின் இறங்குகிறது. மாணவர் சரியாகவே, சிவப்பணுக்களை உடையாமல் காக்கும் ஜி6பிடி நொதியின் குறைவை நினைக்கிறார், உடனே சாம்பிள் அனுப்புகிறார், நார்மல் என்று வருகிறது, நோயைக் கைவிட்டுவிடுகிறார். இந்த நொதி அணுவின் வயது ஏற ஏறக் குறையும். உடைந்து போனவை வயதான அணுக்கள், மிஞ்சியிருப்பவை இளசுகளும், புதிதாகப் பிறந்த சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகளும். அவற்றில் நொதி அதிகம், அதனால் நார்மல். நடுவில் ரத்தம் ஏற்றியிருந்தால் கொடையாளியின் அணுக்களும் சேர்ந்து கணக்கைக் குழப்பும்.

பெண்களிடம் இன்னும் ஒரு சிக்கல். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரு பிரதி மட்டும் பழுதான பெண்ணின் உடலில் இருவகை அணுக்களும் கலந்தே இருக்கும். ஒளிரும் புள்ளிப் பரிசோதனை சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் காட்டும், 30 முதல் 70 வரை இருப்பவர் தப்பிவிடுவார். அவருக்கு அளவு சொல்லும் பரிசோதனை வேண்டும். ரத்தம் உடைந்தவர் யாராக இருந்தாலும், மருந்தை நிறுத்தி, டிஸ்சார்ஜ் சீட்டில் "ஜி6பிடி சந்தேகம்" என்று எழுதி, சுமார் மூன்று மாதம் கழித்து ரெட்டிகுலோசைட் எண்ணிக்கையோடு சேர்த்து மறுபடி பாருங்கள்.